மூன்று முறை மாற்றிய டிபி கில்லர்

நான் வேலை பார்க்கும் தொழிற்பயிற்சி நிலையத்தில் மாணவர்கள் என்னிடம் இன்ஜினைப் பற்றி அதிகம் கேட்பதில்லை. "மிஸ், எந்த டிபி கில்லருங்க நல்லது?" என்றுதான் கேட்கிறார்கள். வண்டியில் கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டு வெளிச் சைலன்சர் மாட்டுவார்கள். தெருவே அதிரும். போலீஸ் ஒரு தடவை நிறுத்திய பிறகு, அந்தக் குழாயின் வாய்க்குள் துளை போட்ட ஒரு சின்ன உருளையைச் சொருகிச் சத்தத்தைக் குறைப்பார்கள். பாடப் புத்தகத்தில் அதற்கு பேஃபிள் என்று பெயர். திருப்பூர்க் கடைகளில் டிபி கில்லர் என்று கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார்கள்.

பட்டறையில் ஆறு வருடம் இருந்தேன். அங்கிருந்து வந்து ஒரு வருடம் ஆகிறது. இருபத்தெட்டு வயதில் நான் "ஓய்வு பெற்ற மெக்கானிக்" என்று சொல்லிக்கொண்டால் மாணவர்கள் சிரிக்கிறார்கள். சிரித்தாலும் பட்டறை அனுபவத்தை எழுதித் தாருங்கள் என்று விடாமல் கேட்டார்கள். எழுத உட்கார்ந்தபோது ஒரே ஒரு வண்டிதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. அதில் நான் செய்தது சரியா தப்பா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பிடிபடாததைத்தான் எழுதுகிறேன்.

அம்மா பனியன் கம்பெனியில் கைமடி. தைப்பவருக்குப் பக்கத்தில் நின்று துணி எடுத்துக் கொடுத்து, மடித்து வைக்கும் வேலை. அப்பா சாயப்பட்டறையில் மூட்டை இறக்குவார். இரண்டு பேரும் பஸ்ஸின் போர்டைப் படிக்க மாட்டார்கள், நிறத்தையும் கண்டக்டர் முகத்தையும் பார்த்து ஏறுவார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்தேன். அதில் எனக்குப் பெருமை உண்டு, அதை மறைத்துப் பேச எனக்கு வராது. வேலம்பாளையம் பட்டறையில் சேர்ந்த முதல் வருடம் கை கிழிந்தது, நகம் கருத்தது, "ஏனுங்க, ஆம்பளை மெக்கானிக் இல்லீங்களா?" என்ற கேள்வியைத் தினமும் கேட்டேன். எல்லாப் பட்டறையிலும் நடப்பதுதான்.

எனக்கு மேலே இருந்தவர் இசக்கி. தெற்கத்திக்காரர், என்னைவிட இரண்டு வயது சின்னவர், எட்டாம் வகுப்போடு நிறுத்தியவர். என்னை "டிப்ளமோக்கா" என்று கூப்பிடுவார். அதில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று என்னால் பிரித்துப் பார்க்க முடிந்ததில்லை. வேலை சரியில்லை என்று ஒருநாளும் வாயால் சொல்ல மாட்டார். சுவரில் இரண்டு ஆணி உண்டு. ஒன்றில் முடிந்த வண்டிகளின் வேலை விவரம் எழுதிய ஜாப் கார்டு தொங்கும், இன்னொன்றில் முடியாதது. நான் முடித்துத் தொங்கவிட்ட கார்டை அவர் எடுத்து, ஒன்றும் சொல்லாமல் மற்ற ஆணியில் மாட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். என்ன குறை என்று நானே தேட வேண்டும். நான் நாலு பேர் முன்னால் சத்தம் போட்டுக் கேட்டாலும், "நீங்க படிச்சவிய, பாருங்க" என்பார். அவ்வளவுதான்.

டிபி கில்லர் மாட்டுவதில் அவருக்கும் எனக்கும் வழி வேறு. அவர் வண்டியை ஸ்டார்ட் செய்து, குழாய்க்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி உள்ளங்கையை வைப்பார். காற்று கையில் எப்படி அடிக்கிறது என்று பார்த்துவிட்டு, பெட்டிக்குள் கையை விட்டு ஒன்றை எடுப்பார். பெரும்பாலும் அது சரியாக இருக்கும். எனக்கு அந்தக் கை கிடையாது. நான் வெர்னியர் அளவுகோலால் அளப்பேன். குழாயின் வாயைக் குறுக்கே ஒரு தடவை, நெடுக்கே ஒரு தடவை. கீழே விழுந்த வண்டியில் வாய் வட்டமாக இருக்காது. ஓர் அளவை மட்டும் எடுத்து வாங்கினால் ஒரு பக்கம் உரசும், மறுபக்கம் ஆடும். பிறகு டிபி கில்லரின் உள்துவாரம். இன்ஜினிலிருந்து வரும் பெண்ட் பைப்பைவிட ரொம்பச் சின்னதாக இருந்தால் வண்டி மூச்சு முட்டும், ஸ்பார்க் பிளக் கருப்படிக்கும். ரொம்பப் பெரிதென்றால் மாட்டியும் சத்தம் குறையாது. உருளையைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு சுற்றி, மெல்லிய எஃகுக் கம்பியால் மூன்று இடத்தில் கட்ட வேண்டும். அதை இறுக்கும் போல்ட்டுக்கு ஓட்டை போடும்போது குழாயின் வாய் தரையைப் பார்க்க இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரும்புத் தூள் உள்ளே போய்விடும். நைலான் வளையம் வைத்த நட் சூட்டில் உருகும், போடக்கூடாது. மாணவர்கள் கேட்ட கேள்விக்கு என் பதில் இவ்வளவுதான். இதில் எனக்குக் குழப்பம் இல்லை.

குழப்பம் ரங்கசாமி அண்ணன் வந்த பிறகு ஆரம்பித்தது.

அவர் நெருப்பெரிச்சல் என்ற பக்கத்து ஊரில் ஒரு நிட்டிங் கம்பெனியில் ஃபிட்டர். துணி பின்னுகிற வட்ட மெஷின்களைப் பழுது பார்ப்பவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். பழைய நூற்றைம்பது சிசி வண்டியை இரண்டாம் கையாக வாங்கியிருந்தார். அதில் முன்பிருந்தவன் மாட்டிய திறந்த சைலன்சர் அப்படியே இருந்தது. வண்டி வேலம்பாளையத்துக்குள் நுழைந்தாலே எங்களுக்குத் தெரியும்.

"ஒட்டுனாப்பல இருக்கற லைன் ஊட்டுல நைட் ஷிப்ட் முடிச்சவங்க காலைல தூங்கறாங்க. இந்தச் சத்தத்துக்குச் சண்டைக்கு வர்றாங்க கண்ணு. ஊட்டுக்காரரும் காலி பண்ணச் சொல்லிப்போட்டாரு. சத்தத்தைக் குறைச்சுக் குடுங்க" என்றார்.

பேசும்போது அவர் கண் என் கண்ணில் இல்லை, வாயில் இருந்தது. நான் பேசும்போதும் உதட்டையே பார்த்தார். பட்டறையில் ஒரு பெண் நின்றால் பார்வை எங்கெங்கே போகும் என்று எனக்குத் தெரியும். இந்த வயதிலுமா என்று எரிச்சல் வந்தது. கண்ணாடிப் பஞ்சு வெட்டும்போது போடும் மாஸ்க்கை எடுத்து, பஞ்சைத் தொடுவதற்கு முன்பே மாட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து அவர் வரும்போதெல்லாம் மாஸ்க்கோடுதான் நின்றேன்.

அளந்து, நீளமான டிபி கில்லர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மாட்டினேன். சத்தம் பாதிக்கு மேல் இறங்கியது. இசக்கி கையை வைத்துப் பார்த்தார், கார்டை முடிந்த ஆணியில் விட்டுவிட்டார். எனக்கு அது போதும்.

இரண்டு நாளில் ரங்கசாமி அண்ணன் திரும்பி வந்தார். "சத்தம் போயிருச்சுங்க. கூடவே இழுவையும் போயிருச்சு. மேம்பாலம் ஏற மாட்டேங்குது."

"எந்த கியர்லீங்கண்ணா ஏற மாட்டேங்குது?" என்று மாஸ்க்குக்குள்ளிருந்து கேட்டேன்.

"ரெண்டு வருசம் ஆச்சுங்க" என்றார்.

இசக்கி குனிந்துகொண்டு சிரித்தார். நான் மறுபடி கேட்டேன். "இல்லீங்க, பெட்ரோல் நல்லதுதான் போடறேன்" என்றார். பெண் மெக்கானிக் கேட்டால் பதில் சொல்லக்கூடாது என்று வேண்டுமென்றே செய்கிறார் என்று நினைத்தேன். வேறென்ன நினைப்பது?

அந்த வண்டியை நானே எடுத்துக்கொண்டு ரயில்வே மேம்பாலம் போனேன். மூன்றாவது கியரில் முப்பதிலிருந்து ஐம்பதுக்குப் போக எவ்வளவு நேரம் என்று போனில் பார்த்தேன். டிபி கில்லரைக் கழற்றிவிட்டு மறுபடி அதே பாலம். நேரத்தில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், காபித்தூள் நிறம், அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனாலும் ஆள் இழுவை இல்லை என்கிறார். உள்துவாரம் பெரிதான, நீளம் குறைந்த ஒன்றை மாட்டிக் கொடுத்தேன். அடுத்த வாரம் மீண்டும் வந்தார். "அதேதானுங்க."

அன்று கார்டு முடியாத ஆணிக்குப் போனது. வண்டியில் என்ன குறை என்று இசக்கியிடம் கேட்டேன்.

"எனக்கும் தெரியலக்கா" என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. "என் கைக்கு சரியாத்தான் தெரியுது. உங்க அளவும் சரி. ஆனா அவிய சொல்லுதது பொய் மாரியும் இல்ல."

மூன்றாவதாக ஒன்றை மாட்டினேன். இரவு படுத்தால் துவாரத்தின் பரப்பளவு மண்டையில் ஓடியது. கார்புரேட்டரைத் திறந்து சுத்தம் செய்தேன், கிளட்ச் வழுக்குகிறதா பார்த்தேன், செயினைத் தளர்த்தி இறுக்கினேன். மூன்றாவதும் சரியில்லை என்று வந்து நின்றார். எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. கோபமும் வந்தது. டிப்ளமோ படித்தவள் மாட்டியது சரியில்லை என்று அவர் எத்தனை இடத்தில் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன்.

அது சனிக்கிழமை. சம்பள நாள் என்பதால் கூட்டம். பெஞ்சில் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். இசக்கியை ரங்கசாமி அண்ணனோடு பின்னால் உட்கார்ந்து பாலம்வரை போய்வரச் சொன்னேன். திரும்பி வந்த இசக்கி என்னைத் தள்ளிக் கூப்பிட்டார்.

"இருவத்தஞ்சு முப்பதுக்கே டாப் கியர் போட்டுடுதாவ. பாலத்துல வண்டி முக்குது, திணறுது. கியரக் குறைக்கணும்னே அவியளுக்குத் தோணல. இழுவ எங்கருந்துக்கா வரும்?"

"இத்தனை வருசம் வண்டி ஓட்டறவருக்கு அது தெரியாதா?"

"அதான் எனக்கும் புரியல்ல. டிபி கில்லரக் கழத்திட்டு ஓட்டச் சொன்னேன். கியர் கரெக்டா விழுது."

ரங்கசாமி அண்ணன் முதுகைக் காட்டிக்கொண்டு வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அண்ணா" என்றேன். திரும்பவில்லை. இன்னும் சத்தமாக, "அண்ணா" என்றேன். பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பினார்கள், அவர் திரும்பவில்லை. முன்னால் போய் நின்று, மாஸ்க்கைக் கீழே இழுத்துவிட்டு, "எந்த கியர்லீங்கண்ணா பாலம் ஏறுனீங்க?" என்றேன்.

என் உதட்டைப் பார்த்தார். "டாப்புலதானுங்க" என்றார், பளிச்சென்று.

நிட்டிங் ஷெட்டுக்குள் மெஷின் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. அங்கே வேலை பார்ப்பவர்கள் வாயைப் பார்த்தே பேசிப் பழகிவிடுவார்கள். திருப்பூரில் பிறந்த எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அவர் பார்த்தது என்னை அல்ல, என் சொல்லை. இன்ஜின் சத்தம் கேட்டால்தான் எப்போது கியர் மாற்றுவது என்று அவருக்குத் தெரியும். திறந்த சைலன்சரின் இரைச்சல் மட்டும்தான் அவர் காதுவரை போய்க்கொண்டிருந்தது. நான் அதைத்தான் மூன்று தடவை அடைத்திருந்தேன்.

எல்லாம் ஒரே நொடியில் பிடிபட்டது. வகுப்பில் விடை தெரிந்தவுடன் கை தூக்குகிற பழக்கம் எனக்கு எப்போதும் உண்டு. அதே வேகத்தில், அவருக்குக் கேட்க வேண்டுமே என்று உரக்கவே சொன்னேன்.

"வண்டியில ஒரு குறையும் இல்லீங்கண்ணா. நான் மாட்டுன மூணுமே சரிதான். உங்களுக்குத்தானுங்க காது கேக்கறதில்லை. காது கேக்காம எதை மாட்டுனாலும் இழுவை இல்லாத மாதிரிதாங்க இருக்கும்."

பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். ரங்கசாமி அண்ணன் சிரித்த பக்கம் பார்க்கவில்லை. பெஞ்சின் கடைசியில் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்த ஒருவரைப் பார்த்தார். அந்த ஆளும் இவரைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "சரீங்க" என்றார். வண்டியை அங்கே ஸ்டார்ட் செய்யவில்லை. ரோடுவரை தள்ளிக்கொண்டு போனார்.

பெஞ்சில் இருந்தவர் அதே நிட்டிங் கம்பெனியின் சூப்பர்வைசர் என்று பிற்பாடு தெரிந்தது.

"கண்டுபிடிச்சது சரிதாங்க்கா" என்றார் இசக்கி. "தனியாக் கூப்புட்டுச் சொல்லியிருக்கலாம்லா?" கார்டைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு ஆணியையும் பார்த்தார். கடைசியில் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பத்து நாள் கழித்து ஒரு அக்கா பட்டறை வாசலில் வந்து நின்றார். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை.

"கண்ணு, நீதான் ரங்கசாமி வண்டிக்கு வேலை பாத்த புள்ளையா? நான் அவரு சம்சாரம், சரஸ்வதி."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"ஓடற மெஷின்ல ஊசி ஒடைஞ்சா டிக்குடிக்குன்னு ஒரு சத்தம் வருமாம். ஃபிட்டர்ன்னா அந்த இரைச்சல்லயும் அதைக் கண்டுபுடிக்கோணும். திங்கக்கிழமை சூப்பர்வைசர் மெஷினையெல்லாம் நிறுத்திப்போட்டு, பின்னால நின்னு மூணு தடவை கூப்புட்டாராம், இவரு திரும்பலையாம். அன்னிக்கே மெஷினை உட்டு எறக்கிட்டாங்க. இப்ப குடோன்ல துணி ரோல் அடுக்கறாரு. இருவது வருசம் ஃபிட்டர்னு பேரெடுத்த மனுசன்."

"அக்கா, அவருக்குக் காது கேக்காதுன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"மூணு வருசமாத் தெரியும். ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னு கும்புட்டுக் கேட்டேன். எனக்கு ஒண்ணுமில்லைன்னு சொல்லிப்போட்டாரு. அதோட நானும் வாயைத் தொறக்கலை. தொறந்தா வேலை போயிருமே. நீ தொறந்துட்டே."

"தப்புங்களாக்கா?"

"உன்னை நல்லாத் திட்டோணும்னுதான் ரெண்டு பஸ் மாறி வந்தேன்" என்றார். "ஆனா நேத்து அவராவே கெளம்பி ஆஸ்பத்திரிக்கு வந்தாரு. இன்னும் ரெண்டு வருசம் மெஷின்கிட்ட நின்னுருந்தா மிச்சம் இருக்கறதும் போயிருக்கும்னு டாக்டர் சொல்றாரு. இப்ப உன்னைத் திட்டறதா, கும்புடறதா? எனக்கே தெரியலை சாமி." பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். "அவரு கிட்ட நான் வந்ததைச் சொல்லிப்போடாதே."

அந்த அக்கா போன பிறகு இசக்கியிடம் கேட்டேன், "அவங்க திட்டிட்டுப் போறாங்களா, இல்லையா?" இசக்கி கையைத் துடைக்கும் பனியன் வேஸ்ட்டை எடுத்து என் பக்கம் நீட்டினார். முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

நான்கைந்து மாதம் ரங்கசாமி அண்ணன் வரவில்லை. வேறு பட்டறைக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். பிறகு ஒரு நாள் காலை வண்டி வந்து நின்றது. நான் மூன்றாவதாக மாட்டிய டிபி கில்லர் அதில் அப்படியே இருந்தது. கையில் ஒரு அட்டைப் பெட்டி வைத்திருந்தார். நேரே இசக்கியிடம் போனார்.

"எனக்குக் காது செரியாக் கேக்காதுங்க" என்றார், ரோட்டுக்கே கேட்கும்படி. அன்றைக்கும் பெஞ்சில் ஆட்கள் இருந்தார்கள். "இன்ஜின் சுத்தறதைக் காட்டற மீட்டராமா. இதைப் பாத்து கியர் மாத்திக்கலாம்னு கடையில சொன்னாங்க. மாட்டிக் குடுங்க." என் பக்கம் கையைக் காட்டினார், முகத்தைத் திருப்பவில்லை. "அந்தப் புள்ளை கை வெக்க வேண்டாமுங்க. நீங்களே மாட்டுங்க." சொல்லிவிட்டுப் பெஞ்சில் எங்களுக்கு முதுகைக் காட்டி, ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தார்.

ஆறு வருடத்தில் என்னைத் தெரிந்த யாரும் அப்படிச் சொன்னதில்லை. சேர்ந்த புதிதில் சொன்னவர்களுக்கு என்னைத் தெரியாது. இவருக்குத் தெரியும்.

இசக்கி பெட்டியைப் பிரித்தார். மீட்டரோடு எட்டு ஒயர்கள், ஒரு மடித்த தாள். தாள் முழுக்கப் பொடி ஆங்கிலம். திருப்பிப் பார்த்தார், பின்பக்கமும் ஆங்கிலம். ஒயரை மாற்றிக் கொடுத்தால் மீட்டர் புகைந்துவிடும். தாளை பெட்ரோல் டேங்கின் மேல் என் பக்கமாக விரித்து வைத்தார்.

வண்டியைத் தொடாமல் மறுபக்கம் நின்றேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "சிவப்பு, சாவி போட்டா கரண்ட் வர்ற ஒயருக்கு" என்று படித்தேன். இசக்கி இணைத்தார். "கருப்பு, எர்த்." இணைத்தார். "மஞ்சள், இக்னிஷன் காயில்ல இருந்து பிளக்குக்குப் போற ஒயருக்கு. நேராக் குடுக்காதீங்க, பிளக் ஒயர் மேல அஞ்சு சுத்து சுத்துனாப் போதும்னு போட்டிருக்கு." சுற்றினார். மிச்ச ஒயர்கள் இந்த வண்டிக்கு வேண்டாதவை, டேப் சுற்றி ஒதுக்கச் சொன்னேன். நான் சாதாரணக் குரலில்தான் படித்தேன். ரங்கசாமி அண்ணனின் முதுகு அசையவில்லை. அவருக்குக் கேட்டதா, கேட்டும் உட்கார்ந்திருந்தாரா, நான் படித்தால் பரவாயில்லை, தொட்டால்தான் ஆகாது என்று வைத்திருந்தாரா, எனக்குத் தெரியவில்லை. போய்க் கேட்கிற தைரியமும் இல்லை.

வண்டியை ஸ்டார்ட் செய்ததும் முள் எழுந்து நின்றது. அவர் இசக்கியின் தோளைத் தட்டினார். "நல்லா இருக்கோணுமுங்க" என்று கும்பிட்டார். அந்தக் கும்பிடு இசக்கியோடு நின்றதா, எனக்கும் கொஞ்சம் நீண்டதா என்று அப்போதும் புரியவில்லை, இப்போதும் புரியவில்லை.

வண்டி பாலத்தின் பக்கம் திரும்பியது. வாசலில் நின்று கேட்டேன். இரண்டாவது கியர் விழுந்தது. ஏற்றத்தில் மூன்றாவது. டாப் கியருக்கு அவர் அவசரப்படவில்லை. பாலத்தின் உச்சிவரை இன்ஜின் திணறாமல் ஏறியது. அந்தப் பக்கம் இறங்கிச் சத்தம் அடங்கும்வரை நின்றுவிட்டு, அடுத்த வண்டியின் கார்டை எடுத்தேன்.